கணினி கேள்வி–பதில்: மேசைக் கணினியும் அதுவே, சர்வரும் அதுவே

கேள்வி: பெங்களூரு கிருஷ்ணராஜபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கும் மென்பொருள் பொறியாளன் நான். சென்ற ஆண்டு எஸ்.பி. ரோட்டில் பாகங்களை வாங்கி, 16 கோர் ரைசன் செயலி, 64 ஜி.பி. ரேம், தனி கிராபிக்ஸ் அட்டை ஆகியவற்றோடு ஒரு கணினியை நானே கட்டினேன். விண்டோஸ் 11 ப்ரோவில் என் அலுவலக வேலை நடக்கிறது. நான்கு கடைகளுக்குக் கணக்கு எழுதும் என் மனைவியின் டேலி, அதே கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் வழியாக ஒரு மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) இருக்கிறது. தம் மடிக்கணினியிலிருந்து அதனுள் நுழைந்து வேலை செய்வார். நான் பழகுவதற்கு மூன்று லினக்ஸ் சர்வர்களும் உண்டு. சென்ற மாதம் 20-ஆம் தேதி, கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த கையோடு யோசிக்காமல் ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டேன். ஜிஎஸ்டி கணக்கை முடித்துக்கொண்டிருந்தவருக்கு எல்லாம் அப்படியே நின்றுபோனது. விண்டோஸை எடுத்துவிட்டு, மெய்நிகர் கணினிகளை இயக்குவதற்கென்றே இருக்கும் ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவி, விண்டோஸையும் அதனுள் ஒரு மெய்நிகர் கணினியாக வைத்துக்கொள் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: செய்யலாம். பாதிச் சிக்கல் தீரும். புதிதாக ஒரு சிக்கல் வந்து சேரும். நினைத்தபோது அணைக்கக்கூடிய உங்கள் மேசைக் கணினியின் மேல், அது அணையாது என்று இன்னொருவர் நம்பியிருக்கும் வேலையை ஏற்றி வைத்திருக்கிறீர்கள். எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த நிலையை மறந்துவிடக் கூடாது.

நண்பர் சொல்லும் ப்ராக்ஸ்மாக்ஸ், டெபியன் லினக்ஸின் மேல் அமைந்தது. 2007 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இடம்பெற்றிருக்கும் கே.வி.எம். என்ற ஏற்பாட்டைக் கொண்டு மெய்நிகர் கணினிகளை இயக்குகிறது. அதை இன்னொரு கணினியின் உலாவியிலிருந்து நிர்வகிப்பதுதான் வழக்கம். ஆகவே, அதனுள் இருக்கும் விண்டோஸை உங்கள் திரையில் வழக்கம்போல் பயன்படுத்த வேண்டுமானால், கிராபிக்ஸ் அட்டையையும், விசைப்பலகையும் மவுஸும் இணையும் யுஎஸ்பி கன்ட்ரோலரையும் அந்த மெய்நிகர் கணினிக்கே ஒப்படைத்துவிட வேண்டும். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், சாதனங்களை இப்படி ஒப்படைக்க உதவும் ஐஓஎம்எம்யு என்ற வசதியை இயக்கினால்தான் இது நடக்கும். அதற்குப் பிறகும், உங்கள் மதர்போர்டு எந்தெந்தச் சாதனங்களை ஒரே குழுவில் சேர்த்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். ஒரு குழுவில் இருப்பவற்றைப் பிரித்துக் கொடுக்க இயலாது என்பதால், அட்டையோடு நெட்வொர்க் போர்ட்டும் சேர்ந்து போய்விடும் வாய்ப்பு உண்டு. ஒப்படைத்த சாதனம் இருக்கும்வரை அந்த மெய்நிகர் கணினிக்குக் கொடுத்த ரேம் முழுவதும் அதற்கே பூட்டப்படும்: விண்டோஸுக்கு 32 ஜி.பி. கொடுத்தால், அது சும்மா இருக்கும்போதும் மற்றவற்றுக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது.

இதன் பலன், டிரைவருக்காக நீங்கள் விண்டோஸை ரீஸ்டார்ட் செய்தாலும் பக்கத்தில் டேலி ஓடிக்கொண்டே இருக்கும் என்பது. ஆனால் சில கிராபிக்ஸ் அட்டைகள், மெய்நிகர் கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கிய பின் சரிவர மீள்வதில்லை. முழுக் கணினியையும் அணைத்து எழுப்பினால்தான் வழிக்கு வருகின்றன. உங்கள் அட்டை அந்த ரகமாக இருந்தால், இவ்வளவு பாடுபட்டும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். பழகும் ஆசைக்காக இதைச் செய்வதானால் நான் தடுக்க மாட்டேன். மனைவியின் வேலையை நம்பி இதில் இறங்க வேண்டாம்.

மெய்நிகர் கணினிகளை இயக்க விண்டோஸ் ப்ரோவிலேயே இருக்கும் ஹைப்பர்-வியைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். விர்ச்சுவல்பாக்ஸில் இயங்குவது வழக்கமாக உங்கள் பயனர் கணக்கோடு கட்டுண்டது. நீங்கள் வெளியேறினால் அதுவும் நின்றுவிடும். ஹைப்பர்-வி பின்னணிச் சேவையாக இயங்குவதால், கணினி முறையாக ரீஸ்டார்ட் ஆகும்போது மெய்நிகர் கணினியை இருந்த நிலையிலேயே சேமித்து, யாரும் லாகின் செய்வதற்கு முன்பே மீண்டும் எழுப்பிவிடும். உங்கள் மனைவிக்குச் சில நிமிடங்கள் போகும், பாதியில் இருந்த பதிவு போகாது. மெய்நிகர் கணினிகளுக்கென்று தனியாக ஓர் எஸ்எஸ்டி பொருத்துங்கள். ஒரே வட்டில் எல்லாம் இருந்தால், லினக்ஸ் சர்வர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் நேரத்தில் உங்கள் மவுஸ் தடுமாறும். கோர்களை இருப்பதைவிடக் கூடுதலாகப் பங்கிட்டாலும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், ரேமில் அந்தத் தாராளம் கூடாது: டேலிக்கு 8, மூன்று லினக்ஸுக்கும் சேர்த்து 12, மீதி உங்களுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெய்நிகர் கணினியின் அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைத்துவிட வேண்டாம். அது அதே வட்டில்தான் கிடக்கிறது. டேலியின் தரவை நாள்தோறும் மடிக்கணினிக்கு நகலெடுங்கள். மெய்நிகர் கணினியை ஹைப்பர்-விக்கு மாற்றும்போது, புதிய கணினி என்று எண்ணி உரிமங்களை மீண்டும் செயல்படுத்தச் சொல்லக்கூடும்; ஆகவே ஜிஎஸ்டி கணக்கை முடிக்கும் 20-ஆம் தேதிக்கு முந்தைய வாரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

இரண்டு மாதங்கள் இப்படி ஓட்டிப் பார்த்தும் மனம் அமைதியடையாவிட்டால், வாங்கிய எஸ்.பி. ரோட்டுக்கே போய், அலுவலகங்கள் கழித்துவிட்ட சிறிய கணினி ஒன்றை 16 ஜி.பி. ரேமோடு வாங்கி, டேலியை அங்கே குடியேற்றிவிடுங்கள். இவ்வளவு பெரிய கணினி இருக்க இன்னொன்றா என்று தோன்றும். ஆனால் பெரிய கணினி சும்மா இருக்கும்போதே 70 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரவு பகலாக ஓடும்போது மாதம் 50 யூனிட் ஆகிறது. கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் இருக்கும் வீட்டின் கணக்கு 200 யூனிட்டைத் தாண்டினால் முழுத் தொகையும் கட்ட வேண்டியிருக்கும். சிறிய கணினியை ஒரு சாதாரண யுபிஎஸ் நெடுநேரம் தாங்கும். ஏப்ரல், மே மாதக் காற்றுமழையில் மின்சாரம் போகும்போது இதன் அருமை தெரியும்.

கேள்வி: விர்ச்சுவல்பாக்ஸில் என் லினக்ஸ் திடீரென்று மிகவும் மெதுவாகிவிட்டது. சாளரத்தின் கீழே பச்சை நிறத்தில் ஓர் ஆமைப் படம் தெரிகிறது. என்ன அது? (அல்சூர் வாசகர்)

பதில்: உங்கள் செயலியில் மெய்நிகர் கணினிகளை வேகமாக இயக்க உதவும் மெய்நிகராக்க வசதியை விண்டோஸ் ஏற்கெனவே தன் கையில் எடுத்துக்கொண்டுவிட்டது என்பதற்கான அடையாளம் அது. விண்டோஸுக்குள் லினக்ஸ் இயக்கும் டபிள்யுஎஸ்எல் 2-ஐ நிறுவியிருந்தாலோ, விண்டோஸின் பாதுகாப்பு அமைப்பில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற காவல் வசதி இயங்கினாலோ அடியில் ஹைப்பர்-வியின் அடுக்கு வந்துவிடும். விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகவே செயலியை அடைய வேண்டியிருக்கிறது. ஆமையை விரட்டுவதற்காகப் பாதுகாப்பை அணைக்காதீர்கள். உங்களுடையது ப்ரோ என்றால் அந்த லினக்ஸை ஹைப்பர்-விக்கே மாற்றிவிடுங்கள். ஹோம் பதிப்பில் அந்த நிர்வாக வசதி கிடையாது; கட்டளை வரி மட்டும் போதுமென்றால் டபிள்யுஎஸ்எல் 2-இலேயே உங்கள் வேலை முடிந்துவிடும்.