வெற்றி எந்தக் கேள்விக்குப் பதில்?

அன்புள்ள ஐயா,

தெற்கு அட்லாண்டிக்கில் 1982இல் நடந்த ஃபாக்லாந்து தீவுப் போர் பற்றிய உங்கள் கட்டுரையில், அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரைக் குறித்து, “தாட்சர் தீவுகளை மீட்டார், கூடவே தேர்தலையும் மீட்டுக்கொண்டார்” என்று ஒரு வரி வருகிறது. அது என்னை உறுத்துகிறது. ஆக்கிரமித்தது அர்ஜென்டினா, மீட்டது பிரிட்டன். அந்த வெற்றி பொய்யில்லையே? உண்மையாக நடந்த ஒன்றை ஓர் அரசு பெருமையாகச் சொல்லிக்கொண்டால் அதைப் பிரச்சாரம் என்று எப்படிச் சொல்வது? நான் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். வகுப்பில் இதை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. வென்றதற்கு மகிழ்வதே தவறு என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு மனம் வராது.

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் உறுத்தல் நியாயமானது. அந்த வரியை அவசரத்தில் எழுதிவிட்டேன். 1979இல் தாட்சரின் கன்சர்வேட்டிவ் கட்சி வாங்கிய வாக்கு 43.9 விழுக்காடு, போருக்குப் பிறகு, 1983இல், 42.4. வாக்கு கூடவில்லை, குறைந்திருக்கிறது. எதிர் வாக்குகள் லேபர் கட்சிக்கும் புதிய கூட்டணிக்குமாகச் சிதறியதால் 144 இடப் பெரும்பான்மை வந்தது. பொருளாதாரமும் மெல்லத் தலையெடுக்கத் தொடங்கியிருந்தது. போரால் எத்தனை வாக்கு வந்தது என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் நீங்கள் கேட்டிருப்பது தேர்தல் கணக்கைவிடப் பெரிய விஷயம். வெற்றி பொய்யில்லைதான். 1982 ஜூன் 14 அன்று அர்ஜென்டினப் படை சரணடைந்தது. பிரிட்டிஷ் தரப்பில் 255 வீரர்கள், அர்ஜென்டினத் தரப்பில் 649 பேர், தீவுவாசிகள் மூவர் உயிரிழந்திருந்தார்கள். வெற்றி உண்மையாக இருப்பதால்தான் அது அரசின் கையில் அத்தனை வலுவான கருவியாகிறது. பொய்யை என்றைக்காவது பிடித்துவிடலாம். உண்மையான ஒரு வெற்றியைத் தூக்கி, அதற்குச் சம்பந்தமில்லாத கேள்விக்குப் பதிலாக வைத்தால் பிடிப்பது கடினம். கேட்டவர்தான் குற்றவாளியாகத் தெரிவார்.

1982 ஏப்ரல் 25 மாலை, லண்டனில் பிரதமரின் இல்லமான டவுனிங் தெரு 10ஆம் எண் வாசல். அர்ஜென்டினா பிடித்திருந்த தெற்கு ஜார்ஜியா தீவு மீட்கப்பட்டது என்ற கடற்படைச் செய்தியைப் பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் வாசிக்கிறார். பக்கத்தில் தாட்சர். அடுத்து என்ன, போர் அறிவிப்பு வருமா என்று செய்தியாளர்கள் கேட்கிறார்கள். அந்தச் செய்திக்கு மகிழுங்கள், நம் படையினரைப் பாராட்டுங்கள் என்று சொல்லிவிட்டு தாட்சர் உள்ளே போகிறார். மூன்று நாள் முன்பு அதே தீவின் பனிப்பாறையில் இரண்டு ஹெலிகாப்டர்கள் விழுந்து, உள்ளே இருந்தவர்கள் தப்பிப் பிழைத்திருந்தார்கள். வாசலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. “அடுத்து என்ன?” என்ற கேள்விக்கு “மகிழுங்கள்” என்பது பதிலாகிவிட்டது, அவ்வளவுதான்.

படங்களின் கதையும் இதேதான். கடற்படையோடு போக அனுமதி கிடைத்த செய்தியாளர்கள் முப்பது பேருக்கும் குறைவு, எல்லோரும் பிரிட்டிஷ்காரர்கள். எழுதியது தணிக்கையைத் தாண்டித்தான் வந்தது. தொலைக்காட்சிப் படச்சுருள்கள் லண்டன் வந்து சேரச் சில சமயம் மூன்று வாரம் ஆனது. எரியும் கப்பலைக் கண்ணால் பார்ப்பதற்குள் மக்கள் மனத்தில் அந்தச் சண்டை முடிந்து, தீர்ப்பும் எழுதப்பட்டிருக்கும்.

இனி பெல்கிரானோ. மே 2 அன்று இந்த அர்ஜென்டினப் போர்க்கப்பலை ‘காங்கரர்’ என்ற நீர்மூழ்கி தகர்த்தது. 323 பேர் இறந்தார்கள். ‘சிக்கினான்’ என்ற பொருளில் ஒற்றைச் சொல்லைத் தலைப்பாகப் போட்ட ‘தி சன்’ நாளிதழ்கூட, உயிரிழப்பு பெரிது என்ற செய்தி வந்ததும் பிந்தைய பதிப்புகளில் அதை மாற்றியது. மே 4 அன்று நாடாளுமன்றத்தில் நாட், அந்தக் கப்பல் நம் படையை நெருங்கிக்கொண்டிருந்தது என்றார். உண்மையில் அது தீவுகளைச் சுற்றிப் பிரிட்டன் அறிவித்திருந்த 200 கடல்மைல் தடை வளையத்துக்கு வெளியே, மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. திசை திரும்பிவிட்டதை நீர்மூழ்கி முன்பே தெரிவித்திருந்தது.

1983 மே 24, தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு. பிபிசி தொலைக்காட்சியில் பொதுமக்கள் தாட்சரிடம் நேரடியாகக் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி. டயானா கூல்ட் என்ற பெண்மணி, உங்களைப் போல ஆசிரியப் பணி செய்தவர், விலகிப் போன கப்பலை ஏன் மூழ்கடித்தீர்கள் என்கிறார். விலகிப் போகவில்லை என்கிறார் பிரதமர். கூல்ட் குரலை உயர்த்தவில்லை. கப்பல் தீவுகளுக்கு மேற்கே இருந்தது, 280 பாகையில் போனது, பிறகு எப்படி விலகவில்லை என்கிறீர்கள்? இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த அம்மாளின் நிதானம் என்னை நெகிழவைக்கிறது. நம் கடற்படைக்கு ஆபத்தான எதிரிக் கப்பலை மூழ்கடித்ததற்காக ஒரு பிரதமரைக் குற்றம் சாட்டுவது பிரிட்டனில் மட்டும்தான் நடக்கும் என்று தாட்சர் சொல்கிறார். கேட்டது திசையைப் பற்றி. பதில் தேசப்பற்றைப் பற்றி.

தாக்கியது ராணுவ ரீதியில் சரியாகவே இருந்திருக்கலாம். பெல்கிரானோவின் தலைவர் ஹெக்டர் பொன்சோவே, மேற்கே திரும்பியது தற்காலிக நகர்வுதான் என்று பின்னாளில் சொன்னார். அப்படியென்றால் முதல் நாளே திசையைச் சொல்லியிருக்கலாமே! சொல்லவில்லை. அதைப் பற்றிய ஆவணங்களை எதிர்க்கட்சி உறுப்பினருக்கு அனுப்பிய பாதுகாப்புத் துறை அதிகாரி கிளைவ் பான்டிங் மீது அரசு ரகசியச் சட்டத்தில் வழக்கு வந்தது. 1985இல் ஜூரி அவரை விடுவித்தது.

எனக்கு இன்னும் பெரிய கவலை, வெற்றி போர்க்களத்தை விட்டு வெளியே வந்து என்ன செய்தது என்பது. 1982 ஜூலை 3, செல்ட்டன்ஹாம் கூட்டத்தில் தாட்சர், நாம் இனிப் பின்வாங்கும் தேசம் இல்லை என்றார். அதே உரையில் ரயில் ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்தை எடுத்து, தெற்கு அட்லாண்டிக்கில் போராடியவர்களோடு ஒப்பிட்டார். வேலைநேரத் தகராறு ஒன்று தேசத்துரோகத்தின் நிழலுக்குள் வந்துவிட்டது. 1984இல், நிலக்கரித் தொழிலாளர் போராட்டத்தின்போது, ஃபாக்லாந்தில் வெளி எதிரியோடு போராடினோம், உள் எதிரி அதைவிட ஆபத்தானவன் என்று தன் கட்சி உறுப்பினர்களிடம் பேசினார். சுரங்கம் மூடினால் வேலை போகுமே என்று அஞ்சிய ஒரு தொழிலாளிக்கு அந்தத் தீவுகளோடு என்ன பகை?

வெற்றி பெறுவதற்கு முன்பே அதைச் செலவழித்தவர்கள் அப்போது நாட்டை ஆண்ட அர்ஜென்டினத் தளபதிகள். மார்ச் 30 அன்று புவனோஸ் ஐரிஸில் சோறும் வேலையும் கேட்டு வந்தவர்களை அடித்து விரட்டினார்கள். மூன்றே நாளில், தீவுகள் கைக்கு வந்ததும், மாயோ சதுக்கத்தில் கூட்டம் ராணுவ ஆட்சித் தலைவர் கால்டியேரியின் ஆட்சியை வாழ்த்தியது. அதே சதுக்கத்தில்தான், ராணுவம் கொண்டுபோன பிள்ளைகளைத் தேடும் தாய்மார்கள் வியாழன்தோறும் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். அந்த நாட்களில் அவர்கள் ஏந்திய வாசகம்: “மால்வினாஸ் அர்ஜென்டினாவுடையது, காணாமல் ஆக்கப்பட்டவர்களும் அர்ஜென்டினாவைச் சேர்ந்தவர்கள்தாம்.” மால்வினாஸ் என்பது ஃபாக்லாந்துக்கு அர்ஜென்டினாவில் வழங்கும் பெயர். தீவின் மீதான உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, பிள்ளைகளையும் விட்டுக்கொடுக்கவில்லை. மகிழ்வது தவறா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தோன்றும் பதில் அந்த வாசகத்தில் இருக்கிறது.

வகுப்புக்கு ஒரு வரைபடமும் பாகைமானியும் போதும். ஃபாக்லாந்துக்குத் தென்மேற்கே ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். வடக்கிலிருந்து வலமாக 280 பாகை அளந்து கோடு போடட்டும். அது மேற்கே தியெரா தெல் ஃபுவேகோ பக்கம் போகும். அதன் பிறகு பிரதமரின் பதிலை வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.