பதினெட்டு முடிந்ததும் ஒரு மனு

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. மூளை முடக்குவாதம், வலிப்பு, பார்வைக் குறைவு மூன்றும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊருக்கு அலைகிறோம். சாப்பாடு ஊட்டினால் அடிக்கடி புரையேறுகிறது. வழி சொல்லுங்கள்.
- வாசகி, செய்யாறு

பதில்: அம்மா, என் மகளுக்கும் இதே நிலைதான். அலைச்சல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. இயன்முறை, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும். பழைய சீட்டுகளை ஒரே கோப்பில் போட்டு எடுத்துப் போங்கள்.

புரையேறுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். விழுங்குவதைப் பார்க்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். என் மகளைப் படுத்த வாக்கில் ஊட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, சின்னக் கரண்டியில் கெட்டியான கூழாகக் கொடுக்கச் சொல்லித்தந்தார்கள். ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்தது. அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

அப்புறம், மூளை முடக்குவாதம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999. மகனுக்கு 18 வயது முடிந்தால், பெற்றவர் என்றாலும் சட்டப்படி நீங்கள் தானாகக் காப்பாளர் ஆகமாட்டீர்கள். கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். அதே சட்டத்தின் கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, பயிற்சிச் செலவும் சேர்த்து. தாள்களை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள்.