"எனக்கு மாறுமோ பிள்ளை?" என்று அப்பா கேட்டால்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. நுரையீரல் புற்றுநோய் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. இனி மருந்து ஏற்றிப் பயனில்லை, வீட்டில் வைத்து நோவில்லாமல் பாருங்கள் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். மோர்பின் குளிசை தந்திருக்கிறார்கள். அது கடைசி நேரத்து மருந்து என்று மாமி சொன்னதிலிருந்து, தாங்கவே முடியாத நேரத்தில் மட்டும்தான் அப்பா அதைப் போடுகிறார். "எனக்கு மாறுமோ பிள்ளை?" என்று அடிக்கடி கேட்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, "ஒண்டும் சொல்லாதை, மனமுடைஞ்சு போவார்" என்கிறார். பொய் சொல்லாமல் அப்பாவுக்கு எப்படி நம்பிக்கை கொடுப்பது?
- வாசகி, கொக்குவில்

பதில்: நம்பிக்கையைப் பற்றிக் கதைக்க முதல் குளிசையைப் பற்றிக் கதைக்க வேண்டும். முதுகு நோவில் இரவு முழுக்க விழித்திருந்த மனிதரிடம் காலையில் என்ன ஆறுதல் சொன்னாலும் காதில் ஏறாது.

மோர்பின் சாவைக் கொண்டுவரும் மருந்து இல்லை. வைத்தியர் சொன்ன அளவில் எடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. மாதக்கணக்கில் அதை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இருந்து பேப்பர் வாசிக்கிறவர்களும் உண்டு. சாதாரண மோர்பின் குளிசை ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் வேலை செய்யும். அதனால்தான் அதை நேரம் பார்த்துப் போடச் சொல்கிறார்கள். நோ உச்சத்துக்கு ஏறிய பிறகு போட்டால் அதை இறக்குவது பெரும்பாடு. குளிப்பாட்டும்போது, உடுப்பு மாற்றும்போது நோ கூடினால், அரை மணித்தியாலம் முன்னதாக மேலதிகமாக ஒன்று போடலாமா, எவ்வளவு போடலாம் என்று வைத்தியரிடம் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம். பெரும்பாலும் தானாகக் குறையும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கலின் வேதனைக்காகவே நல்ல மருந்தைத் தூக்கி எறிகிறவர்கள் நிறையப் பேர். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் அதை வைத்தியருக்குச் சொல்லிவிடுங்கள். அளவுக்கு மீறிய மயக்கமோ, மூச்சு மிக மெதுவாவதோ தெரிந்தால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

எலும்பு நோவுக்குக் கதிர்ச் சிகிச்சையும் உதவும், சில வேளை ஒரே தடவை கொடுத்தாலே போதும். அது அப்பாவுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் கால்கள் திடீரென்று பலவீனமானால், மரத்துப் போனால், சிறுநீர் போகாமல் நின்றால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சரி, இனி அந்தக் கேள்வி. "எனக்கு மாறுமோ?" என்று கேட்டதும் "ஓம் அப்பா, மாறும்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவதுதான் எங்கள் வீடுகளில் வழக்கம். அப்பாவுக்கு விளங்காது என்று நினைக்கிறீர்களா? மருந்து ஏற்றுவது நிற்பாட்டப்பட்டதையும், நீங்கள் போனை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்க் கதைப்பதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அதற்குப் பிறகு அவர் கேட்காமல் விட்டால், உங்களை நோகடிக்கக் கூடாது என்று தன் பயத்தைத் தனியே வைத்துக்கொண்டார் என்று அர்த்தம். அந்தத் தனிமையைத்தான் நான் பெரிய துன்பமாக எண்ணுகிறேன்.

அடுத்த முறை கேட்டால் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருங்கள். "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் அப்பா?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், இதுதான் கஷ்டம். "எனக்குத் தெரியும் பிள்ளை" என்று அவரே சொல்லக்கூடும். அறிய விரும்பினால், "வருத்தத்தை முழுசா மாத்திற மருந்து இல்லையெண்டு டொக்டர் சொன்னவர் அப்பா. ஆனா நோவைக் குறைக்கலாம். நான் பக்கத்திலதான் இருப்பன்" என்ற அளவு போதும். எத்தனை மாதம் என்று கணக்குச் சொல்லப் போகாதீர்கள். அவர் கதையை மாற்றினால் விட்டுவிடுங்கள்; அறியாமல் இருக்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது.

மாறாது என்று தெரிந்தவருக்கு நம்பிக்கை எங்கே இருந்து வரும்? கிட்டத்தில் இருக்கிற, அவரே கேட்கிற காரியங்களில் இருந்து. நல்லூர்த் தேர் பார்க்க வேண்டும் என்கிறார் என்று வையுங்கள். தேருக்கு இன்னும் மாதங்கள் இருந்தால் "பாப்பம்" என்று தள்ளிவிடாமல், தேரில் அவருக்கு என்ன வேண்டும் என்று விசாரியுங்கள். முருகனை ஒருக்கால் கும்பிடுவதுதான் என்றால், சனம் குறைந்த நேரமாகப் பார்த்து, அவருக்கு உடம்பு இயலுமான நாளில் ஓட்டோவில் கூட்டிப்போய் வீதியில் நிறுத்தியே கும்பிடலாம். காணி உறுதியைப் பெயர் மாற்ற வேண்டும், பேசாமல் விட்ட தம்பியோடு கதைக்க வேண்டும், தோட்டத்து வாழையை ஒருக்கால் பார்க்க வேண்டும் என்று ஏதாவது வரும். "இப்ப ஏன் உதெல்லாம்?" என்று அவரை மறிக்காதீர்கள். உறுதி எழுதுவது அபசகுனம் இல்லை. பல அப்பாமாருக்கு அதன் பிறகுதான் நித்திரை வருகிறது.

சாப்பாட்டுச் சண்டையை இன்றோடு விடுங்கள். இந்த நிலையில் பசி குறைவது நோயின் வேலை. உங்கள் சமையலில் குறை இல்லை, அவருடைய பிடிவாதமும் இல்லை. கேட்டால் இரண்டு கரண்டி கூழ், கேட்காவிட்டால் வாயை ஈரமாக வைத்திருந்தால் சரி.

பார்க்க வருகிறவர்கள் நெஸ்டமோல்ட் போத்தலை மேசையில் வைத்துவிட்டு, "ஐயோ, இப்பிடி மெலிஞ்சிட்டாரே" என்று அவர் முன்னாலேயே அழுவார்கள். படலையடியிலேயே சொல்லி அனுப்புங்கள்: ஒரு நேரத்தில் இரண்டு பேர், பழைய கதை கதைக்கலாம், வருத்தத்தை விசாரிப்பது உங்களிடம் மட்டும். மாமிக்கும் இதே சட்டம்தான்.

அண்ணாவுக்கு இந்தப் பதிலை அப்படியே அனுப்பிவிடுங்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு மறைக்கச் சொல்வதுதான் செய்யக்கூடிய ஒரே உதவியாகத் தெரியும், அவரோடு கோபிக்காதீர்கள். ஆனால் செத்தவீட்டுக்கு எடுக்கப் போகிற டிக்கெட்டை இப்போதே எடுக்கச் சொல்லுங்கள். வர வழியே இல்லையென்றால் தினமும் ஒரு நேரத்தை ஒதுக்கட்டும். கோடையில் அங்கே இரவு ஒன்பது என்றால் இங்கே காலை ஆறரை. ஆறு மணிக் குளிசை வேலை செய்யத் தொடங்கியிருக்கும். பத்து நிமிடம் போதும். வீடியோவில் பேரப்பிள்ளைகளைக் காட்டட்டும், "சாப்பிட்டீங்களோ?" என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடட்டும்.