டிவியில் கரகர, உர்ர், திடீர் மௌனம்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதி "ஸ்பீக்கர் போயிடுச்சு, எது வாங்கலாம்" என்றே ஆரம்பிக்கிறது. டிவி சத்தக் கோளாறில் ஸ்பீக்கரே போயிருப்பது குறைவு. கடைக்குப் போகும் முன் இரண்டு சோதனை செய்துவிடுங்கள். முதலாவது, வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்குவது. இரைச்சலும் கூடவே இறங்கினால் கோளாறு வால்யூமுக்கு முன்னால், அதாவது சிக்னலிலோ ஒயரிலோ செட்டாப் பாக்ஸிலோ இருக்கிறது. பூஜ்யத்திலும் இரைச்சல் அப்படியே நின்றால் ஆம்ப்ளிபயர், பவர் சப்ளை பக்கம் பார்க்க வேண்டும். இரண்டாவது, மற்ற ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பென் டிரைவில் ஒரு பாட்டைப் போடுவது. அது சுத்தமாக வந்தால் டிவியைத் திறக்கும் வேலையே இல்லை. கீழே கேள்விகளில் பென் டிரைவ் என்று வருவது இந்தச் சோதனைதான்.

கேள்வி (ஈரோடு): அண்ணா, 32 இஞ்ச் எல்இடி. நியூஸ் பேசினா நல்லா இருக்கு. பாட்டுல பேஸ் வந்தா மட்டும் ஒரு பக்கம் கரகரன்னு உதறுது. பென் டிரைவ்ல போட்டாலும் அதேதான்.

பதில்: பேஸுக்கு மட்டும் உதறினால் அது பெரும்பாலும் மின்சாரக் கோளாறு இல்லை, ஏதோ ஒன்று ஆடுகிறது. சவுண்ட் மெனுவில் பேலன்ஸை முழுக்க இடது, பிறகு முழுக்க வலது என்று தள்ளி எந்தப் பக்கம் என்று பாருங்கள். அந்தப் பக்கத்துப் பின்மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். உதறல் நின்றால் மூடியின் ஸ்க்ரூவோ ஸ்பீக்கர் காதில் இருக்கும் ரப்பர் புஷ்ஷோ தளர்ந்திருக்கிறது. ரப்பர் காய்ந்து சுருங்கியிருந்தால் சைக்கிள் டியூப் துண்டு வைத்து இறுக்கினாலே போதும்.

அழுத்தியும் நிற்கவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து, ஸ்பீக்கர் கோனை (முன்னால் தெரியும் கூம்பை) இரண்டு விரல் நுனியால் இரண்டு ஓரத்திலும் ஒரே அளவாக மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமே இல்லாமல் போய்வர வேண்டும். சரக் சரக் என்று மண்ணில் உரசுவது போலக் கேட்டால் உள்ளே காயில் (கம்பிச் சுருள்) காந்தத்தில் உரசுகிறது, அந்த ஸ்பீக்கர் தேறாது. கோன் ஓரத்தில் கிழிசல் மட்டும் என்றால் டிஷ்யூ பேப்பரும் ரப்பர் பசையும் சில வருஷம் ஓட்டும். பெவிகால் வேண்டாம், காய்ந்தால் கல்லாகி அதுவே உதறும்.

புதிது வாங்கினால் காந்தத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஓம், வாட் இரண்டையும் பார்த்து அதே அளவு வாங்குங்கள். ஜோடியாக மாற்றுவது நல்லது. ஒன்று பழசு ஒன்று புதுசாக இருந்தால் குரல் ஒரு பக்கம் சாய்ந்தே கேட்கும்.

கேள்வி (திண்டுக்கல்): செட்டாப் பாக்ஸ்ல இருந்து ஏவி வயர்ல டிவிக்குப் போகுது. உர்ர்னு ஒரு சத்தம். திரையில வெள்ளை எழுத்து ஓடும்போது இன்னும் ஜாஸ்தியாகுது.

பதில்: கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. படத்துக்கு ஏற்ப உர்ர் கூடிக் குறைந்தால் வீடியோ சிக்னல் ஆடியோவுக்குள் கசிகிறது. மஞ்சள் வீடியோ, வெள்ளை இடது, சிவப்பு வலது; பின்னால் கையை விட்டுத் தடவிச் சொருகும்போது இடம் மாறுவது சகஜம், முதலில் அதைப் பாருங்கள்.

ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் ஒற்றைப் பின் இருக்கிற வயர் என்றால் சந்தேகம் வயர் மேல்தான். அந்தப் பின்னில் மூன்று கறுப்புக் கோடு, நான்கு தொடுமுனை இருக்கும். கிரவுண்ட், அதாவது சிக்னல் திரும்பும் பொதுக் கம்பி, சில வயரில் கடைசி உலோகத்திலும் சிலவற்றில் அதற்கு முந்தைய வளையத்திலும் வரும். பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் கடைக்காரருக்கும் தெரியாது. பாக்ஸோடு வந்த வயரைத் தேடிப் போட்டுப் பாருங்கள். வயரை ஆட்டும்போது உர்ர் வந்து வந்து போனால் பிளக்கின் கழுத்தில் மேல்பின்னல் (உள் கம்பியைச் சுற்றியுள்ள கம்பி வலை) அறுந்திருக்கிறது. பாக்ஸிலும் டிவியிலும் எச்டிஎம்ஐ இருந்தால் இந்த வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு அதற்கு மாறுங்கள்.

கேள்வி (சென்னை): சார், டிவியைச் சுவரில் மாட்டினோம். அன்றிலிருந்து ஆன் பண்ணினால் இரண்டு செகண்ட் சத்தம், பிறகு மௌனம். படம் நன்றாக இருக்கிறது. மெக்கானிக் போர்டு மாற்றணும் என்கிறார்.

பதில்: போர்டு மாற்றும் முன் ஸ்பீக்கர் ஒயரைப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டும்போது மூடியைக் கழற்றிப் போட்டிருந்தால், அல்லது நீளம் கூடிய ஸ்க்ரூவை முடுக்கியிருந்தால், ஒயர் நசுங்கி டிவியின் உள் தகரச் சட்டத்தில் தொட்டுக்கொண்டிருக்கும்.

பழைய டப்பா டிவிகளில் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு கால் (ஒயர் முனை) கிரவுண்ட். அது தகரத்தில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. இன்றைய எல்இடி டிவியில் கிளாஸ் டி என்ற வகை ஆம்ப்ளிபயர். ஸ்பீக்கரின் இரண்டு காலையும் அதன் ஐசியே (சிப்) ஓட்டுகிறது. 12 வோல்ட்டில் ஓடும் ஐசி என்றால் சத்தமில்லாத நேரத்தில் இரண்டு காலிலுமே கிரவுண்டுக்கு எதிராகச் சுமார் 6 வோல்ட் நிற்கும். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம் என்பதால் ஸ்பீக்கர் சும்மா இருக்கிறது. அதில் ஒரு கால் தகரத்தில் பட்டால் ஐசிக்கு நேரடி ஷார்ட். உடனே தன்னைக் காத்துக்கொள்ள வாயை மூடிக்கொள்ளும். உங்கள் இரண்டு செகண்ட் கணக்கு அதுதான்.

சோதிக்கும் வரிசை இது. பிளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கர் சொருகியைப் போர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஸ்பீக்கரின் இரண்டு ஒயருக்கும் நடுவே அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6.5 முதல் 7.5 வரை காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரை பக்கம் காட்டும். 1 ஓமுக்குக் கீழே போனால் ஒயரோ காயிலோ ஷார்ட். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்தது. அடுத்து ஒவ்வொரு ஒயருக்கும் தகரத்துக்கும் நடுவே அளந்தால் எதுவுமே காட்டக் கூடாது. காட்டினால் நசுங்கிய இடத்தைத் தேடி டேப் சுற்றுங்கள், கதை முடிந்தது.

ஒயர் சுத்தம் என்றால் மட்டும் போர்டுக்கு வரலாம். ஸ்பீக்கர் இல்லாமலே டிவியை ஆன் செய்து, போர்டில் ஸ்பீக்கர் சொருகும் பின் நான்கிலும் (இரண்டு ஸ்பீக்கருக்கு இரண்டிரண்டு) கிரவுண்டுக்கு எதிராக டிசி வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். நான்கும் சப்ளையில் பாதியாக நின்றால் ஐசி நலம். ஒன்று மட்டும் 0 அல்லது முழு 12 காட்டினால் ஐசி போய்விட்டது. அப்போதும் ஆம்ப்ளிபயர் ஐசியை மட்டும் மாற்றினால் போதும். முழுப் போர்டு எதற்கு?

ஒரு எச்சரிக்கை. இப்படி மூடிக்கொண்ட ஐசி, சில டிவியில் ரிமோட்டில் அணைத்துப் போட்டால் திரும்பாது. கோளாறைச் சரிசெய்தபின் பிளக்கைப் பிடுங்கி ஓரிரு நிமிடம் விட்டுப் போடுங்கள்.

கேள்வி (கரூர்): இதோட இன்னொரு ஸ்பீக்கர் சேர்த்து ஒயர் இழுக்கலாமா அண்ணா? சத்தம் பத்தல.

பதில்: 8 ஓமோடு 8 ஓமைப் பக்கவாட்டில் சேர்த்தால் 4 ஓம், 4 ஓமோடு 4 ஓம் சேர்த்தால் 2 ஓம். டிவி ஐசி 2 ஓமைத் தாங்காது. வெளி ஆம்ப்ளிபயருக்கு ஸ்பீக்கர் ஒயரிலிருந்து சிக்னல் எடுக்கும் வழக்கமும் ஆபத்து, முந்தைய பதிலில் சொன்னபடி அதன் ஒரு கால் வெளி ஆம்ப்ளிபயரின் கிரவுண்டில் பட்டால் ஐசிக்கு ஷார்ட். ஹெட்போன் சாக்கெட்டில் இருந்து எடுங்கள்.

கேள்வி (மதுரை): ஆன் பண்ணி இருபது நிமிஷம் நல்லா இருக்கும். அப்புறம் பட்பட்னு வெடிச்சு சத்தம் போயிடும். ஆஃப் பண்ணி ஆறவிட்டா திரும்ப வரும்.

பதில்: சூட்டில் விலகும் கோளாறு. மூன்று இடம் பார்க்கலாம்.

முதலில் கெப்பாசிட்டர். ஆம்ப்ளிபயருக்குப் போகும் 12 வோல்ட் வழியில் 470 அல்லது 1000 மைக்ரோபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் இருக்கும். தலை உப்பியிருந்தால் மாற்றுங்கள். தலை தட்டையாக இருந்தாலும் காய்ந்திருக்கலாம், அதனால் சத்தம் கூட்டும்போது 12 வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 10க்குக் கீழே தொங்கினால் சப்ளைதான் குற்றவாளி. வாங்கும்போது 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் தடை குறைந்தது) என்று கேட்டு வாங்குங்கள். 85 டிகிரி மலிவு, ஆனால் அதே வேலையைச் சீக்கிரமே திரும்பச் செய்ய வைக்கும்.

இரண்டாவது டிரை சால்டர், அதாவது ஈய ஒட்டு விட்டுப்போவது. டிபிஏ3110 போன்ற ஆம்ப்ளிபயர் ஐசிகளுக்கு வயிற்றுக்குக் கீழே ஒரு உலோகத் தட்டு உண்டு. அது போர்டில் ஈயத்தால் ஒட்டியிருந்தால்தான் சூடு இறங்கும். அந்த ஈயம் விட்டுப்போனால் வெளிக்கால்களைத் தொட்டுத் தொட்டு ஈயம் வைத்தாலும் பலனில்லை. ஹாட் ஏர் (சூடான காற்று ஊதும் கருவி) வைத்துத்தான் உட்கார வைக்க வேண்டும். இந்த ஐசி உள்ளே 150 டிகிரி வாக்கில் தானே நின்று, 15 டிகிரி ஆறியதும் தானே திரும்பும். விட்டு விட்டு வருகிற சத்தத்துக்கு அதுவே காரணம்.

மூன்றாவது ஸ்பீக்கரின் காயில் நுனி, சூட்டில் அதன் தொடர்பு விலகலாம். சத்தம் போன நேரத்தில் ஹெட்போன் சொருகினால் அதில் சத்தம் வருகிறதா? வந்தால் ஐசியோ ஸ்பீக்கரோ என்று தேடல் பாதியாகக் குறையும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, லண்டனிலை இருந்து கொண்டுவந்த பழைய டிவி. அன்டெனா போட்டால் படம் கண்ணாடி மாதிரி, சத்தம் மட்டும் ஸ்ஸ்ஸ் எண்டு இரையுது. ஸ்பீக்கரை மாத்திப் பாத்தாச்சு.

பதில்: ஸ்பீக்கரும் பாவம், டிவியும் பாவம். இலங்கையின் அனலாக் ஒளிபரப்பு பால் பிஜி என்ற முறை. படத்துக்கும் சத்தத்துக்கும் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ். இங்கிலாந்தில் இருந்தது பால் ஐ என்ற முறை, 6.0 மெகாஹெர்ட்ஸ். டிவி சத்தத்தைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறது. மெனுவில் சவுண்ட் சிஸ்டம் என்று இருந்தால் 'ஐ' என்பதை 'பிஜி' என்று மாற்றி, அந்தச் சேனலைச் சேமியுங்கள். அந்த மெனுவே இல்லாத டிவி என்றால் உள்ளே 6 மெகாஹெர்ட்ஸ் செராமிக் பில்டரையும் அதோடு சேர்ந்த காயிலையும் மாற்ற வேண்டும், அந்த மெனக்கெடல் வீண். வேறு ரிசீவரில் பிடித்து ஏவி வயரில் கொடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): எச்டி சேனல்ல மட்டும் சத்தமே இல்ல. சாதாரண சேனல் எல்லாம் ஓகே.

பதில்: எச்டி சேனல்கள் பலவற்றில் ஆடியோ டால்பி என்ற வடிவில் வரும். அதை உங்கள் டிவியால் பிரிக்க முடியவில்லை. செட்டாப் பாக்ஸின் ஆடியோ செட்டிங்கில் டால்பி அல்லது பாஸ்த்ரூ என்பதை பிசிஎம் அல்லது ஸ்டீரியோவாக மாற்றுங்கள். அங்கேயே இன்னொன்று: பாக்ஸ் வால்யூமை 80, 90 சதவீதத்தில் வைத்துவிட்டு டிவியில் கூட்டிக் குறையுங்கள். பாக்ஸில் 20, டிவியில் 90 என்று வைத்தால் பேச்சோடு சேர்ந்து சலசலப்பும் பெருகி வரும்.

கேள்வி (கோவை): கேபிள் வயரைச் சொருகினா ஹோம் தியேட்டர்ல உம்ம்னு ஹம்மிங். கழட்டினா போயிடுது. கேபிள் வயரைத் தொட்டா சுர்ருங்குது, டெஸ்டரும் மினுக்குது. ஹோம் தியேட்டரோட எர்த் பின்னை உடைச்சா நிக்கும்னு சொல்றாங்க.

பதில்: நிற்கும். ஆனால் அதைச் செய்யாதீர்கள். ஒரு நாள் உள்ளே லைன் கம்பி வெளி உலோகத்தில் பட்டால் அந்த எர்த் பின்தான் உயிரைக் காப்பாற்றும்.

சுர்ர் எங்கிருந்து வருகிறது? எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டர்களில் இரைச்சல் அடக்க ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியாகக் கசியும் துளி மின்சாரத்தால் வெளி உலோகம் எர்த்துக்கு எதிராக நூறு வோல்ட் சுமாருக்கு மிதக்கும். ஒரு தெரு முழுக்க அத்தனை பாக்ஸின் கசிவும் கேபிளின் மேல்பின்னலில் சேர்ந்து, உங்கள் வீட்டில் எர்த் உள்ள ஹோம் தியேட்டர் வழியாக இறங்குகிறது. ஆடியோ வயரின் பின்னலில் அது ஓடுவதுதான் உம்ம்.

டிவிக்கும் ஹோம் தியேட்டருக்கும் ஆப்டிகல் வயர் போட்டால் ஹம்மிங் அந்த நொடியே நிற்கும், அதில் ஓடுவது வெறும் வெளிச்சம். ஆப்டிகல் இல்லையென்றால் ஆடியோ வயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (இரு பக்கக் கிரவுண்டையும் பிரித்து வைக்கும் சின்னக் கருவி) சொருகலாம். மலிவானதில் பேஸ் கொஞ்சம் மெலியும். சுர்ர் பலமாக இருந்தால் கேபிள்காரரைக் கூப்பிட்டே ஆக வேண்டும், எங்கோ லைன் கம்பியில் உரசல் இருக்கலாம். அதுவரை கேபிளைச் சொருகாதீர்கள்.

கேள்வி (நாகர்கோவில்): கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் உர்ர். கரண்ட் வந்தா சுத்தம்.

பதில்: உங்களுடையது சதுர அலை இன்வெர்ட்டராக இருக்கும், வீட்டுக் கரண்டைப் போல மெல்ல ஏறி இறங்கும் சைன் அலை அதில் வராது. சுத்தமான சைன் அலை இன்வெர்ட்டர் ஒன்றே முழுத் தீர்வு. டிவிக்கு இதனால் பெரிய கேடில்லை, இரும்பு டிரான்ஸ்பார்மர் உள்ள பழைய ஆம்ப்ளிபயர்தான் சூடேறும்.

கேள்வி (திருச்சி): அப்பப்ப டிக்டிக்டிக், டர்ர்னு வருது. ஒரு நிமிஷத்துல போயிடும்.

பதில்: பக்கத்தில் இருக்கும் செல்போனைத் தள்ளி வையுங்கள். 2ஜி போன் செகண்டுக்கு 217 முறை விட்டு விட்டு அலை அனுப்பும், அதை ஆடியோ வயர் பிடித்துக்கொள்கிறது.

கேள்வி (வேலூர்): படம் இருக்கு, சத்தம் சுத்தமா இல்ல. பென் டிரைவ்லயும் இல்ல. மூடியைத் திறந்து பாக்கலாமா?

பதில்: திறக்கும் முன் மெனு. சவுண்ட் அவுட்புட் டிவி ஸ்பீக்கரில் இருக்கிறதா, பக்கத்து அறையில் கிடக்கும் புளூடூத் இயர்போனோடு டிவி இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சவுண்ட்பார் என்றால் டிவியில் ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐயில்தான் சொருக வேண்டும், சிஇசியும் (எச்டிஎம்ஐ வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் அமைப்பு) ஆனில் இருக்க வேண்டும். ஹெட்போன் சாக்கெட் இருந்தால் பின்னைப் பத்து முறை சொருகி எடுங்கள். உள்ளே தகடு ஒட்டிக்கொண்டு ஹெட்போன் இருப்பதாகவே டிவி நினைத்துக்கொண்டிருக்கும்.

பிறகும் இல்லையென்றால் திறக்கலாம், ஆனால் பவர் சப்ளை பக்கம் கை வைக்கும் முன் இதைச் செய்யுங்கள். 450 வோல்ட் என்று எழுதிய பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் அடிக்காதீர்கள். ஹோல்டரில் போட்ட 100 வாட் குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் இரண்டு காலிலும் சில நொடி வையுங்கள். பிறகு மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே காட்டுகிறதா என்று பார்த்தபின் போர்டைத் தொடுங்கள்.