முன்னாடி அகலம், குதிகால் ஒல்லி

கேள்வி: அக்கா, காலைல தண்டையார்பேட்டைல இருந்து எண்ணூர் வரைக்கும் சைக்கிள் ஓட்டுறேன், எனக்கு பாதம் முன்னாடி அகலம், குதிகால் ஒல்லி, லேடீஸ் சைக்கிளிங் ஷூ எது போட்டாலும் சுண்டுவிரல் மரத்துப்போகுது, பெரிய சைஸ் போட்டா குதிகால் கழண்டு வருது, என்ன பண்றது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பெரிய சைஸ் வேண்டவே வேண்டாம்மா, உனக்கு வேணும்கறது நீளம் இல்ல, அகலம். சாயங்காலம் கால் லேசா வீங்கியிருக்கும், அப்போ பேப்பர் மேல நின்னு ரெண்டு பாதத்தையும் வரைஞ்சு நீளம் அகலம் அளந்துக்கோ, எந்தக் கால் பெருசோ அதுக்குத்தான் ஷூ. ஷிமானோ கம்பெனில வைடுன்னே சில மாடல் வருது, லேக் (Lake)னு இன்னொரு கம்பெனிலயும் அகலமா இருக்கு, லேடீஸ்ல கிடைக்கலன்னா ஜென்ட்ஸ் ஷூவ தாராளமா போட்டுப் பாரு, பொதுவா அது கொஞ்சம் அகலமா இருக்கும். விரல் பக்கம் ஸ்ட்ராப்ப லூசா விட்டு மேல் ஸ்ட்ராப்ப மட்டும் இறுக்கு, குதிகால் நிக்கும். மரத்துப்போறத மட்டும் தாங்கிக்கிட்டு ஓட்டாத.