‘சரி சார்’ என்று முந்திக்கொள்வது உங்கள் உடம்பு

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. வயது 34. மேனேஜர் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே, என்ன கேட்டார் என்று புரிவதற்கு முன்பே ‘சரி சார்’ என்று சொல்லிவிடுகிறேன். அடுத்த சீட்டுப் பையனின் பிஎஃப் வேலையும் இப்போது என் தலையில். வீட்டுக்கு வந்ததும் என் மேலேயே ஆத்திரமாக வருகிறது. ‘நீ மேனேஜருக்கு ஜால்ரா போடுறே’ என்கிறாள் ஆபீஸ் தோழி. சின்ன வயதில் அப்பா குடித்துவிட்டு வந்தால் அவரைச் சமாதானப்படுத்துவது நான்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? வேலையை விட்டுவிடலாமா?

– பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: அன்புச் சகோதரி, ஜால்ரா போடுகிறவர்களுக்கு இன்கிரிமென்ட், கேட்ட நாளில் லீவு என்று ஏதாவது கிடைக்கும். உங்களுக்குக் கிடைத்தது அடுத்தவர் வேலை. தோழி சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சம்பந்தம் உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஆபத்து வந்தால் உடம்பு மோதவோ ஓடவோ தயாராகிவிடும் என்று வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-லேயே எழுதினார். அப்படியே உறைந்துபோவதைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். நான்காவதாக இன்னொன்று, எதிரில் இருப்பவரைக் குளிரவைத்துத் தப்பிப்பது. அமெரிக்க மனநல சிகிச்சையாளர் பீட் வாக்கர் அதற்கு ‘ஃபான்’ என்று பெயர் வைத்தார். இது நோயின் பெயர் இல்லை.

குடிக்கிற அப்பா இருக்கும் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை அவரோடு மோத முடியுமா? ராத்திரியில் எங்கே ஓடும்? வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே அன்றைக்கு நிலைமை என்ன என்று அதற்குத் தெரிந்துவிடும். டிவியை அணைக்கும், தம்பியை உள்ளே அனுப்பும், தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு ‘வாங்கப்பா’ என்று நிற்கும். அந்த வயதில் வீட்டையே காப்பாற்றிய கெட்டிக்காரத்தனம் அது. இப்போது மேனேஜர் குரல் உயர்ந்ததும், யோசனைக்கு இடம் கொடுக்காமல் அதே பழக்கம் முந்திக்கொள்கிறது. அதற்காக உங்களைத் திட்டிக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

‘முடியாது என்று சொல்லப் பழகுங்கள்’ என்று பலரும் சொல்லுவார்கள். நான் சொல்ல மாட்டேன். எடுத்த எடுப்பில் மறுத்தால் அன்று ராத்திரி தூக்கம் போய், மறுநாள் காலையில் நீங்களே வலியப் போய் இன்னும் இரண்டு வேலையை வாங்கிக்கொண்டு வருவீர்கள். உங்களுக்கு இப்போது தேவை கொஞ்சம் அவகாசம்தான். ‘பார்த்துட்டு பத்து நிமிஷத்துல சொல்றேன் சார்.’ இந்த ஒரு வரி போதும். முதலில் பயமில்லாத இடத்தில் பழகுங்கள்: சீட்டுக்குச் சேரச் சொல்லும் பக்கத்து வீட்டு அக்காவிடம், கல்யாணத்துக்கு வரச்சொல்லி போனில் வற்புறுத்தும் சித்தியிடம். வாய்க்குப் பழகிய பிறகு மேனேஜரிடம்.

அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன செய்வது? அக்கவுண்ட்ஸில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. தேதிகளே உங்களுக்காகப் பேசும். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிற கம்பெனி என்றால் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 11-ம் தேதிக்குள், பிஎஃப், இஎஸ்ஐ 15-க்குள், வரிக் கணக்கு காட்டிக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20-க்குள். வரி கட்டவேண்டிய மாதத்தில் 3பி தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் அபராதம், வரிக்கு வட்டி வேறு. மேனேஜருக்கும் இது தெரியும். ‘சார், 20-ம் தேதிக்குள்ள 3பி போகணும். அதை முடிச்சிட்டு இதை எடுக்கட்டுமா, இல்ல இதுதான் முதல்லயா?’ என்று கேளுங்கள். மறுத்ததாகவும் ஆகாது. எது முதலில் என்று தீர்மானிக்கிற பொறுப்பு அவரிடமே போய்விடும். இதை வாட்ஸ்அப்பில் கேட்டால் இன்னும் நல்லது, எதிரில் முகம் இருக்காது.

பையனின் வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சண்டை வேண்டாம். ‘தம்பி, இந்த மாசம் பிஎஃப் சலான் நீ போடு, நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறேன்’ என்று சொல்லுங்கள். அடுத்த மாதம் பக்கத்தில் உட்காராதீர்கள்.

வேலையை விடுவது பற்றி. உங்கள் மேனேஜர் வெறும் சத்தக்காரரா, பழிவாங்குகிறவரா? உங்கள் உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான், அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஆபீஸில் அவரிடம் மறுத்துப் பேசியவர்கள் யாராவது இருப்பார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் இருந்தே பழகலாம். சம்பளத்தில் கை வைத்தார், எல்லார் முன்னாலும் அசிங்கப்படுத்தினார் என்றால் உங்கள் பயம் நியாயமானது. சத்தமில்லாமல் வேறு வேலை தேடுங்கள். அது கிடைக்கும் வரை ‘சரி சார்’ சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை.

தூக்கம் கெடுகிறது, காலையில் பஸ் ஏறும்போதே நெஞ்சு படபடக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அப்பாவைப் பற்றி இங்கே ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அங்கே அதை நிதானமாகச் சொல்லுங்கள்.