கவிழ்த்துப் பார்த்தீர்களா? – டீப்பாய் வாங்குவது பற்றிக் கேள்வி-பதில்

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு வட்ட டீப்பாய் பார்த்தோம். "120 வருஷத்துப் பர்மா தேக்கு, செட்டியார் வீட்டுச் சாமான்" என்று சொல்லி 28,000 ரூபாய் கேட்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. நம்பி வாங்கலாமா? – வாசகி, திருச்சி

பதில்: மேல்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள் என்று விற்பவருக்குத் தெரியும். அதனால் அதை நன்றாகத்தான் பாலிஷ் போட்டு வைத்திருப்பார். நீங்கள் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு டீப்பாயைக் கவிழ்த்துப் போடுங்கள். கையில் செல்போன் டார்ச்சும் அளக்க ஒரு டேப்பும் இருந்தால் போதும்.

முதலில் நிறம். நூறு வருஷம் காற்றுப்பட்ட மரத்தின் அடிப்பக்கம் ஒரே சீராகக் கறுக்காது. கால் சேரும் இடத்தில் ஒரு மாதிரி, பலகை நடுவில் ஒரு மாதிரி இருக்கும். அடி முழுக்கக் காபி டிகாக்‌ஷன் பூசியது போல ஒரே நிறமாக இருந்தால் அது ஸ்டெயின் அடித்த புது மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். தின்னர் வாடை அடித்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அடுத்து, விரல் நுனியால் அடிப்பக்கத்தைத் தடவுங்கள். அந்தக் காலத்தில் கையால் இழைப்புளி ஓட்டிய பலகையில் மெல்லிய ஏற்ற இறக்கம் தெரியும்.

ஸ்க்ரூவைப் பாருங்கள். பிளஸ் தலை ஸ்க்ரூ 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 120 வருஷத்து டீப்பாயில் அது இருந்தால் பிற்பாடு யாரோ கைவைத்திருக்கிறார்கள். அது வெறும் ரிப்பேராகவும் இருக்கலாம் என்பதால் ஸ்க்ரூவைக் கழற்றி அந்த ஓட்டையைப் பாருங்கள். பழைய ஆணி கிடந்த கறை உள்ளே இருக்கிறதா, அல்லது புது மரம் தெரிகிறதா என்பதில் விஷயம் வெளிப்பட்டுவிடும்.

நீங்கள் பார்த்தது வட்ட டீப்பாய் என்பதால் ஒரு கூடுதல் சோதனை. மரம் ரேகையின் குறுக்கே சுருங்கும், நீளவாட்டில் அவ்வளவாகச் சுருங்காது. அதனால் பழைய வட்டப் பலகை காலப்போக்கில் துளி முட்டை வடிவமாகிவிடும். ரேகையோடு ஒரு அளவு, குறுக்கே ஒரு அளவு எடுங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் நல்ல அறிகுறி. தேக்கு குறைவாகச் சுருங்கும் மரம் என்பதால் வித்தியாசம் வரவில்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிட வேண்டாம்.

ஆனால் காரைக்குடியில் நான் அதிகம் பயப்படுவது முழுப் போலிக்கு அல்ல, பாதிப் பழசுக்கு. இடித்த வீட்டின் கதவுப் பலகை மேலே, தூணின் உச்சியில் இருந்த போதிகைக் கட்டை கீழே, நடுவில் போன மாதம் அடித்த சட்டம். மரம் உண்மையிலேயே பழையது, டீப்பாய் புதியது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், நல்ல ஆசாரி செய்தால் அழகாகவே இருக்கும். அப்படியென்றால் பழைய மரத்துக்கும் கூலிக்கும் உரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும், 120 வருஷத்துக்கு அல்ல. நானே ஒரு கடையில் இப்படி ஏமாந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து கவிழ்த்தபோது, பலகையின் அடியில் தாழ்ப்பாள் இருந்த பள்ளம் மரத்தூள் பசையால் அடைத்திருந்தது. டீப்பாய்க்கு எதற்குத் தாழ்ப்பாள்?

கடைசியாக ஒன்று கேளுங்கள்: "120 வருஷம், பர்மா தேக்கு என்று பில்லில் எழுதித் தருவீர்களா?" அதுவரை சரளமாகப் பேசியவர் அந்த இடத்தில் தயங்கினால், விலையைப் பாதியிலிருந்து பேச ஆரம்பியுங்கள். எழுதித் தந்துவிட்டால் வேறொரு விஷயம் நினைவில் இருக்கட்டும். 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

மறந்துவிட்டேன், உளு – மரத்தைத் துளைக்கும் பூச்சி. சின்னச் சின்ன ஓட்டை மட்டும் இருந்தால் பரவாயில்லை, பழைய மரத்தில் அது சகஜம். ஓட்டைக்குக் கீழே புது மாவு கொட்டியிருந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. வாங்கியே தீருவேன் என்றால் இரண்டு வாரம் கறுப்புத் துணி விரித்துத் தனியாக வையுங்கள். துணியில் மாவு விழுந்தால் பூச்சி மருந்து ஏற்றாமல் ஹாலுக்குள் கொண்டுவராதீர்கள், உங்கள் வீட்டு நிலைக்கதவுக்கும் அது ஆபத்து.

கேள்வி: ஆன்லைனில் "சாலிட் வுட் சைடு டேபிள்" வாங்கினேன். மூன்றே மாதத்தில் கால் பக்கம் ஊதிவிட்டது. உள்ளே மரத்தூளை அழுத்திய பலகை. திருப்பித் தரும் காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். – வாசகர், கோவை

பதில்: ஊதியதற்குக் காரணம் உங்கள் வீட்டு மாப். நம் ஊரில் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறோம், மரத்தூளையும் மரநாரையும் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டும் எம்டிஎஃப்பும் அந்த ஈரத்தைக் குடித்துவிடும். இவற்றைத்தான் "எஞ்சினியர்ட் வுட்" என்று விற்கிறார்கள். அந்தப் பெயரில் விற்றால் தவறில்லை. சாலிட் வுட் என்று சொல்லிக் கொடுத்ததுதான் தவறு.

பத்து நாள், முப்பது நாள் என்பதெல்லாம் அவர்கள் வகுத்த விதி. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக்கூடாது. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததாகப் பதில் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. அசையவில்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இன்றைக்கே "சாலிட் வுட்" என்று எழுதியிருக்கும் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கு அந்த வார்த்தை அங்கே இல்லாமல் போகலாம்.

அடுத்த முறை வாங்கும்போது, மேல்பலகையின் ரேகை ஓரத்தில் திரும்பி இறங்குகிறதா என்று பாருங்கள். நிஜ மரத்தில் மேலே ஓடும் ரேகைக்கும் வெட்டுமுனைக்கும் தொடர்பு இருக்கும், ஒட்டிய தாளில் இருக்காது. எந்த மரமானாலும் கால்களுக்கு அடியில் ரப்பர் புஷ் மாட்டிவிடுங்கள்.

கேள்வி: சோபா நவீனமாக இருக்கிறது. பழைய டீப்பாய் பக்கத்தில் போட்டால் பொருந்துமா? – வாசகி, சென்னை

பதில்: பாணி பொருந்துவதைவிட உயரம் பொருந்துவதுதான் முக்கியம். சோபாவின் கை வைக்கும் இடத்துக்குச் சமமாகவோ இரண்டு விரல் கீழாகவோ இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் டம்ளரை எடுக்கத் தோளைத் தூக்க வேண்டிவரும். பழைய முக்காலிகள் பெரும்பாலும் தாழ்வானவை, உயரச் சோபாவுக்கு உதவாது. திவானுக்குப் பக்கத்தில் போட்டால் கச்சிதம். (டீப்பாய்க்கும் டீக்கும் சம்பந்தம் இல்லை. அது மூன்று கால் என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது, நம் முக்காலியேதான்.)

அறைக்கு ஒரு பழைய சாமான் போதும் என்பது என் கட்சி. அதன்மேல் ஒரு விளக்கோ ஒரு பித்தளைச் சொம்போ வையுங்கள். சொம்பு, உருளி, மரப்பாச்சி எல்லாம் சேர்ந்தால் கொலு ஆகிவிடும், காபி வைக்க இடமிருக்காது.

கேள்வி: தாத்தா காலத்து மேசையில் காபி டம்ளர் வைத்து வெள்ளை வளையம் விழுந்துவிட்டது. – வாசகர், தஞ்சாவூர்

பதில்: டபரா எதற்கு இருக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும். பழைய மேசைகளில் இருப்பது பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிய பிரெஞ்சு பாலிஷ். சூட்டில் ஈரம் அதற்குள் மாட்டிக்கொண்டால் வெள்ளையாகத் தெரியும். ஃபேன் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். போகாவிட்டால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடியுங்கள். சானிடைசர் வைத்துத் துடைக்க வேண்டாம், அதிலிருக்கும் ஆல்கஹால் பாலிஷையே கரைத்துவிடும். வளையம் கறுப்பாக இருந்தால் தண்ணீர் மரத்துக்குள்ளேயே இறங்கியிருக்கிறது, அதற்குப் பாலிஷ்காரர்தான்.

கேள்வி: பாட்டியின் தையல் மெஷின் ஸ்டாண்டைச் சைடு டேபிள் ஆக்கலாமா? – வாசகி, மதுரை

பதில்: ஆக்கலாம், ஆனால் சோபா பக்கத்தில் வேண்டாம். அது முக்கால் மீட்டர் உயரம் வரும். வாசல் பக்கம் சாவி, ஹெல்மெட் வைக்கப் போடுங்கள். குழந்தைகள் இருந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கம்பியால் கட்டிவிடுங்கள், விரல் மாட்டும். மேலே இருக்கும் மெஷினைக் காயலான் கடைக்குப் போடுமுன் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சுற்றிப் பாருங்கள். ஓடினால் ஸ்டாண்டை அப்படியே விட்டுவிடலாம்.